கழுத்து வலிக்கு ஊசி பக்கத்துல இருக்கு, பயிற்சிதான் தூரத்துல இருக்கு

கழுத்து வலின்னாலே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற சீக்குன்னு ஒரு எண்ணம் இருக்கு. டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க வரப்பு மேல நின்னுக்கிட்டு, "உங்களுக்கென்னப்பா, நல்ல காத்து, உடம்பு வளைஞ்சு வேலை. எங்களை மாதிரி கழுத்து வலி, முதுகு வலியெல்லாம் உங்களுக்கு ஏது?"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நாங்களும் சிரிச்சு வைப்போம். ஆனா மருந்துக்கடையில கால் மணி நேரம் நின்னு பார்த்தீங்கன்னா விஷயம் புரியும். சுகருக்கும் பிரஷருக்கும் அடுத்தபடியா எங்க ஊர்க்காரங்க கேட்டு வாங்கறது வலி மாத்திரையைத்தான்.

எங்க ஊர் கோபி பக்கம். வாய்க்கால் பாசனம். நெல்லு, மஞ்சள், வாழை, தென்னை, பட்டுப்புழு எல்லாம் உண்டு. இந்த வேலைகள்ல கழுத்து என்ன பாடுபடுதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

நாத்து நடறவங்களும் களை எடுக்கறவங்களும் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் குனிஞ்சே இருப்பாங்க. மனுசத் தலை சுமார் அஞ்சு கிலோ எடை. நேரா நிமிந்து நிக்கறப்ப அந்த எடையை எலும்பு தாங்கிக்கும். குனிஞ்சுட்டா பின்கழுத்துச் சதைதான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். செல்போன் பார்க்கறப்ப உங்க கழுத்து இருக்கிற அதே நிலைதான். வித்தியாசம் என்னன்னா, போனைக் கீழ வெச்சுடலாம், நாத்துக்கட்டை அப்படி வெச்சுட்டு வர முடியாது.

தேங்காய் பறிக்கிறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர். நீளமான மூங்கில்ல துரட்டி கட்டி, அண்ணாந்து பார்த்துக்கிட்டே மரம் மரமா போவாங்க. மருந்தடிக்கிறவங்க முதுகுல 16 லிட்டர் டேங்க். தண்ணி மட்டுமே 16 கிலோ, டேங்கோட எடை தனி. ஏக்கருக்குப் பத்துப் பன்னெண்டு டேங்க் அடிக்கணும். அந்த வார் அழுத்தற தோள்பட்டைச் சதை அப்படியே மேல கழுத்து வரைக்கும் போற சதை. அப்புறம் பொம்பளைங்க தலைச்சுமை. மல்பெரித் தழைக்கட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு, விறகு. சும்மாடு வெச்சுத் தூக்கறது பார்க்க அழகா இருக்கும், போட்டோ கூட எடுப்பாங்க. அந்தச் சும்மாட்டுக்குக் கீழ ஏழு எலும்பும் அதைச் சுத்தின சதையும்தான் அத்தனையும் தாங்குது.

இப்படி வர்ற வலிக்கு எங்க ஊர்ல என்ன வைத்தியம் நடக்குது? முதல்ல எண்ணெய் போட்டு நீவறது, உப்பு ஒத்தடம். இதுல தப்பில்ல, இறுகின சதைக்குச் சூடு இதமாத்தான் இருக்கும். அதுல கேட்கலைன்னா சுளுக்கு எடுக்கறவர்கிட்ட போறது. அதுக்கும் கேட்கலைன்னா ஊசி. "ஒரு ஊசி போட்டுக்கிட்டா நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்." இந்த ஒரு வாக்கியம்தான் எங்க ஊர் வைத்தியத்தையே நடத்துது. ஊசி போட்டா வலி தெரியாது. வலி தெரியாததால அதே கட்டை அதே மாதிரி தூக்குவாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் ஊசி.

அந்த ஊசியில பெரும்பாலும் இருக்கறது டைக்ளோபினாக். இந்தப் பேர் எங்க பக்கம் மாடு வளர்க்கிறவங்களுக்குப் புதுசு இல்ல. மாட்டுக்கு வலி நிவாரணியா போட்டுக்கிட்டு இருந்த மருந்து. அந்த மருந்து ஏறின மாடு செத்து, அதைத் தின்ன பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமா செத்ததால, 2006-ல கால்நடைக்கு டைக்ளோபினாக் போடறதை மத்திய அரசு தடை பண்ணுச்சு. எங்களுக்கு மேற்க மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கிற கழுகுகளுக்காக இன்னிக்கும் கால்நடைத் துறை ஆளுங்க அதைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. கழுகுக்கு ஆகாதது மனுசனுக்கும் அப்படியே ஆகாதுன்னு நான் சொல்ல வரல. டாக்டர் பார்த்து நாலஞ்சு நாளைக்குக் கொடுத்தா அது உதவற மருந்துதான். ஆனா வருசக்கணக்கா, சீட்டு இல்லாம, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு போட்டா வயித்துல புண்ணு வரும், சிறுநீரகமும் கெடும். அதுவும் வெயில்ல வேர்த்துக் கொட்டி, சரியா தண்ணி குடிக்காம இருக்கிற உடம்புக்கு இன்னும் மோசம். களத்து வேலை செய்யறவங்க எல்லாருமே அந்த உடம்புக்காரங்கதான்.

அடுத்தது எக்ஸ்ரே. எடுத்ததும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க: "தேய்மானம்." அதைக் கேட்டதும் ஆள் பாதி ஒடிஞ்சு போயிடறாங்க. எலும்பு தேய்ஞ்சு போச்சு, இனிமேல் அசைக்கக்கூடாது, அசைச்சா இன்னும் தேயும்னு நினைச்சுக்கறாங்க. கழுத்துப்பட்டை வாங்கி மாட்டிக்கிட்டு மாசக்கணக்குல திரியறாங்க. பட்டை போட்டா கழுத்துச் சதைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத சதை மெலியும். பட்டையைக் கழட்டினா வலி கூடுது, திரும்பவும் பட்டை.

தேய்மானம்ங்கறது பெரும்பாலும் வயசானா வர்ற மாற்றம். தலை நரைக்கற மாதிரி. 2015-ல ஜப்பான்ல ஒரு ஆய்வு வெளிவந்தது. கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்காங்க. அதுல நூத்துக்கு 87 பேருக்கு மேல கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டு பிதுங்கி இருந்துச்சு. அத்தனை பேருக்கும் வலி இல்லை. அதனால படத்துல தெரியறது எல்லாமே வலிக்குக் காரணம்னு முடிவு கட்டிட முடியாது. படத்தை மட்டும் பார்க்கிறதை விட ஆளைப் பார்க்கறது முக்கியம்.

ஆளைப் பார்த்து வேலை செய்யறதுதான் பிசியோதெரபி. இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே. எங்க ஊர்ல பிசியோதெரபின்னா "கரண்ட் வைக்கறது"ன்னுதான் அர்த்தம். டவுன்ல போய் படுத்துக்குவாங்க, கழுத்துல பட்டை மாதிரி ஒட்டிச் சுர்ருன்னு கரண்ட் வைப்பாங்க, இல்லைன்னா தாடையில வார் மாட்டி இழுப்பாங்க, காசு வாங்கிட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. அஞ்சு நாள் போயிட்டு, "அதெல்லாம் சும்மாங்க, ஒண்ணும் கேட்கலை"ன்னு விட்டுடுவாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மெஷினால கொஞ்ச நேரத்துக்கு வலி அடங்கலாம், ஆனா அது மட்டுமே கழுத்தைச் சரி பண்ணிடும்ங்கறதுக்குப் பலமான ஆதாரம் இல்லை. நாள்பட்ட கழுத்து வலியில நல்ல பலன் தர்றதா தெரிஞ்சிருக்கிறது பயிற்சி. தேவைப்பட்டா அதோட சேர்த்து, படிச்சவங்க கையால மூட்டையும் சதையையும் தளர்த்தி விடறது.

எங்க பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பட்டுப்புழு ஷெட்டுக்குத் தழை வெட்டிச் சுமக்கறவங்க. அரசுத் திட்டத்துல பக்கத்துத் தெருவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு வந்திருந்தது. பக்கவாதத்துல விழுந்த ஒரு தாத்தாவைப் பார்க்க வந்த பொண்ணு அது. போற வழியில இவங்களையும் பார்க்கச் சொன்னோம்.

"எத்தனை நாளா வலிக்குதுங்கம்மா?"

"அது கெடக்குது கண்ணு, மூணு வருசமா. எலும்பு தேய்ஞ்சு போச்சாமா."

"கட்டை எப்படித் தூக்குவீங்க? தூக்கிக் காட்டுங்க பார்க்கலாம்."

சின்னம்மா தூக்கிக் காட்டினாங்க. அந்தப் பொண்ணு பக்கவாட்டுல நின்னு பார்த்துச்சு. கையைத் தூக்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லி, விரல்ல மரமரப்பு இருக்கான்னு கேட்டு, கைப்பிடி பலம் பார்த்துச்சு. ஒரு மெஷினும் கொண்டு வரலை. கால் மணி நேரம்தான் ஆச்சு. மூணு பயிற்சி சொல்லிக் கொடுத்துச்சு. செவுத்துல சாஞ்சு நேரா பார்த்துக்கிட்டு, தலையைக் குனியாம தாடையை மட்டும் பின்னாடி இழுத்து அஞ்சு எண்ணற வரைக்கும் பிடிக்கறது. ரெண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகுப் பக்கமா ஒண்ணு சேர்க்கறது. ஜன்னல் கம்பியில பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டி, முழங்கை மடக்கிப் பின்னாடி இழுக்கறது. ஒவ்வொண்ணும் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. "தழைக்கட்டைப் பாதியாக்கி ரெண்டு நடையா கொண்டு போங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

சின்னம்மா அப்பவே கேட்டாங்க: "நாள் முழுக்கக் காட்டுல வேலை செய்யறவளுக்கு எதுக்குக் கண்ணு எக்சசைசு? அதெல்லாம் உட்கார்ந்து திங்கறவங்களுக்கு."

ஊர்ல எல்லாரும் கேட்கற கேள்வி இது. நியாயமான கேள்வியும் கூட. இதுக்குப் பதில் சொல்லாம பிசியோதெரபியை எந்தக் கிராமத்துலயும் நுழைக்க முடியாது. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பதில் இதுதான். ஒரே வயல்ல வருசா வருசம் ஒரே பயிரைப் போட்டா மண்ணுல ஒரே சத்தை உறிஞ்சும், மத்தது அப்படியே கிடக்கும். வேலையும் அப்படித்தான். குனிஞ்சு செய்யற வேலை, பின்கழுத்துச் சதையையும் தோள் சதையையும் விடாம உழைக்க வைக்குது. கழுத்துக்கு முன்னால எலும்பை ஒட்டி உள்ளாற இருக்கிற சதைக்கும், தோள்பட்டை எலும்பைப் பின்னாடி பிடிச்சு நிறுத்தற சதைக்கும் அந்த அளவுக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் களைச்சுப் போகுது, இன்னொரு பக்கம் பலமில்லாம போகுது. வேலை செஞ்சா உடம்பு உழைக்குது, உண்மைதான். ஆனா எந்தச் சதை உழைக்கணுமோ அது உழைக்கறதில்லை. அந்தச் சதையைத் தேடிப் பிடிச்சு வேலை கொடுக்கறதுதான் பயிற்சி.

இதுல ஒரு சிக்கல் உண்டு. சதை பலமாக ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் ஆகும். ஊசி அரை மணி நேரத்துல கேட்கும். நாளைக்குக் கூலி போயிடுமேன்னு பயப்படற ஒருத்தருக்கு ஆறு வாரம்ங்கறது ரொம்ப தூரம். சின்னம்மா ரெண்டு மாசம் விடாம செஞ்சாங்க. இப்ப வலி சுத்தமா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். கழுத்தைத் திருப்பிப் பேசறாங்க, ராத்திரி தூங்கறாங்க, மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். அவங்க செஞ்சதுக்குக் காரணம், வாசல்லயே வந்து சொல்லிக் கொடுத்தது. அதுக்கப்புறம் ரெண்டு தடவை அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வந்தப்ப எட்டிப் பார்த்து, "செய்யறீங்களாம்மா?"ன்னு கேட்டது.

டவுனுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021-ல இருந்து டிக்கெட் இல்லை, அது பிரச்சினை இல்லை. ஆனா கிளினிக் திறக்கறது பத்து மணிக்கு. களை எடுக்கற வேலை அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுடும். போனா அன்னிக்குக் கூலி போச்சு. அதுக்கு மேல பீஸ். பத்துத் தடவை வரச் சொன்னா பத்து நாள் கூலி. எந்த வீட்டுல இதுக்கு ஒத்துக்குவாங்க? புருசனுக்கு வலின்னா எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுவாங்க. பொம்பளைக்கு வலின்னா தைலம்.

இந்த வீடு தேடி வர்ற சேவை "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல ஒரு பகுதி. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினாங்க. 2024-ல ஐ.நா. விருது கூட கிடைச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வர்றது எல்லாருக்கும் தெரியும். பிசியோதெரபியும் அதுல இருக்குங்கறது எங்க ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. வர்றவங்களும் முக்கியமா படுத்த படுக்கையா இருக்கறவங்க, பக்கவாதம் வந்தவங்களைப் பார்க்கத்தான் வர்றாங்க. அது அவசியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வட்டாரம்னா எத்தனை ஊர், எத்தனை குக்கிராமம்! ஒரு ஆள் வண்டியில சுத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

அதனால நான் கேட்கறது ரொம்பப் பெரிசு இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரத்துக்கு ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல, வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்காரணும். நூறு நாள் வேலை நடக்கற இடத்துல மாசத்துக்கு ஒரு தடவை வந்து, பத்துப் பொம்பளைங்களை நிக்க வெச்சுப் பயிற்சி சொல்லித் தரணும். நாலரை வருசம் பிசியோதெரபி படிச்சுட்டு டவுன் கிளினிக்ல சொற்பச் சம்பளத்துக்குக் கரண்ட் மெஷினைத் தட்டிக்கிட்டு இருக்கிற பிள்ளைங்க எங்க சுத்துவட்டாரத்துலயே இருக்காங்க. இதுக்குப் பெரிய கட்டடமோ மெஷினோ வேண்டியதில்லை. ஒரு பாயும், ஒரு சைக்கிள் டியூப்பும் போதும்.

இன்னொண்ணு, சுமை. என்னதான் பயிற்சி செஞ்சாலும் தூக்கற பாரம் குறையலைன்னா பிரயோசனம் இல்லை. யூரியா மூட்டை முன்னாடி 50 கிலோ, 2018-ல இருந்து 45 கிலோ. எங்க கழுத்தை நினைச்சுக் குறைக்கலை, உரம் குறைவா போடட்டும்னு குறைச்சாங்க. ஆனாலும் தூக்கறவனுக்கு அஞ்சு கிலோ லாபம். நெல் கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை. வியாபாரிங்க பிடிக்கிற மூட்டை அதை விட எவ்வளவோ கனம். மூட்டையோட எடையை ஆபீஸ்ல உட்கார்ந்து முடிவு பண்றாங்க, அதைத் தூக்கறவங்களைக் கேட்டு முடிவு பண்ணினா வைத்தியச் செலவு பாதி குறையும். எங்க கையில இருக்கறதும் கொஞ்சம் உண்டு. ஒரு தள்ளுவண்டி வாங்கிப் போட்டா தழைக்கட்டு தலைக்கு ஏற வேண்டியதில்லை. டேங்க்கை முழுசா ரொப்பாம முக்கால் ரொப்பலாம். தோட்டம் வெச்சிருக்கிற நாங்கதான் இதைச் செய்யணும், கூலிக்கு வர்றவங்க கேட்கட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். எல்லாக் கழுத்து வலிக்கும் பயிற்சி போதும்னு நினைச்சுடாதீங்க. கை மரத்துப் போகுது, டம்ளர் நழுவுது, சட்டைப் பட்டன் போட வரலை, நடக்கறப்ப கால் தள்ளாடுது, மூத்திரம் கட்டுப்பாடு இல்லாம போகுது, மரத்துல இருந்தோ வண்டியில இருந்தோ விழுந்ததுக்கு அப்புறம் வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, காரணமில்லாம எடை குறையறது, இதுல எது இருந்தாலும் முதல்ல டாக்டர்தான். நெஞ்சு பாரத்தோட தாடைக்கும் இடது கைக்கும் வலி இழுத்தா அது கழுத்து வலி இல்ல, உடனே 108-க்குக் கூப்பிடுங்க. முடிவெட்டற கடையில கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கறதை இன்னிக்கே நிறுத்துங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அந்தக் கழுத்தெலும்பு வழியாத்தான் போகுது. அது கிழிஞ்சா பக்கவாதமே வரலாம்.

டவுன்ல இருக்கிற உங்ககிட்ட கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். உங்கள்ல நிறையப் பேரோட அப்பா அம்மா இன்னும் ஊர்லதான் இருக்காங்க. "கழுத்து வலிக்குது சாமி"ன்னு அம்மா போன்ல சொன்னா, ஆன்லைன்ல மசாஜ் மெஷின் ஆர்டர் போட்டு அனுப்பறீங்க, இல்லைன்னா தைலமும் மாத்திரையும் வாங்கிட்டு வர்றீங்க. அந்த மெஷின் எங்க ஊர் வீடுகள்ல பரண் மேல தூங்குது. அதுக்குப் பதிலா அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப ஒரு நாளை ஒதுக்கி, அம்மாவை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மெஷினை மாட்டிட்டு வேற ரூமுக்குப் போறவரா, அம்மா எப்படி வேலை செய்யறாங்கன்னு கேட்கறவரான்னு பாருங்க. அவர் சொல்லித் தர்ற பயிற்சியை உங்க போன்ல வீடியோ எடுத்துக்கங்க. அப்புறம் தினமும் சாயங்காலம் வீடியோ கால்ல வந்து, அம்மாவோட சேர்ந்து நீங்களும் செய்யுங்க. பத்து நிமிசம் ஆகும். கம்ப்யூட்டர் பார்த்து இறுகிப் போன உங்க கழுத்துக்கும் அதே பயிற்சியில பாதி பொருந்தும், அவர்கிட்டயே கேட்டுக்கங்க. அப்படியே அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல, "இங்க பிசியோதெரபிஸ்ட் எந்த நாள் வருவாங்க?"ன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போங்க. நாங்க கேட்டா "பார்க்கலாம்"னு சொல்லி அனுப்பிடறாங்க. உங்களை மாதிரி வெளியூர்ல இருந்து வர்றவங்க நாலு பேர் கேட்டா, யாராவது எழுந்து ரெஜிஸ்டரைப் பார்ப்பாங்க.